தோற்றுப் பழகிய அணியும் இருமுறை வந்த பயிற்சியாளரும்: கான்சஸ் ஸ்டேட் கால்பந்து பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மன்ஹாட்டன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு ஒரே மனிதர் 1989 முதல் 2005 வரையும், மீண்டும் 2009 முதல் 2018 வரையும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அவர் பொறுப்பேற்றபோது அந்த அணி நாட்டின் முதல்நிலைக் கல்லூரி அணிகளுள் மிக மோசமானது எனப் பெயரெடுத்திருந்தது. பத்தாண்டுகளுக்குள் தேசியத் தரவரிசை ஒன்றில் முதலிடத்தைத் தொட்டது. அவர் விலகியதும் சரிந்தது. அவரே திரும்பி வந்த பிறகு மறுபடியும் எழுந்தது.

இங்கே பேசப்படுவது ஓவல் வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. நபர்களின் பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் வகித்த பொறுப்புகளை மட்டுமே குறிப்பிடுகிறேன். ஓர் அமைப்பு எப்படி மீண்டது என்பதையும், அந்த மீட்சி ஏன் ஒரே மனிதரோடு இறுகக் கட்டுண்டு போனது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். முதல் கேள்வியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

பின்னணி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. கான்சஸ் ஸ்டேட் அன்று பிக் எய்ட் என்ற கூட்டமைப்பில் இருந்தது. தேசிய அளவில் பெரும் பலம் பெற்றிருந்த நெப்ராஸ்காவும் ஒக்லஹோமாவும் அதே கூட்டமைப்பில் இருந்தன. கான்சஸ் மக்கள்தொகை குறைந்த வேளாண் மாநிலம் என்பதால், முதல்நிலைக் கல்லூரிகள் தேடும் தரத்தில் ஆண்டுதோறும் வெளிவரும் உயர்நிலைப் பள்ளி வீரர்கள் சிலரே. அந்தச் சிலருக்கும் கான்சஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அண்டைக் கல்லூரிகள் போட்டி போட்டன.

1988ஆம் ஆண்டு முடிவில், 90 ஆண்டுகளைத் தாண்டிய வரலாற்றில் இந்த அணி 300 வெற்றிகளைக்கூட எட்டியிருக்கவில்லை. தோல்விகளோ 500ஐக் கடந்திருந்தன. முதல்நிலைப் பிரிவில் அத்தனை முறை தோற்ற அணி வேறொன்றும் இல்லை. சீசன் முடிந்த பிறகு நல்ல அணிகளை அழைத்து நடத்தப்படும் பவுல் ஆட்டங்களில், 1982இல் ஒரே ஒரு முறை ஆடி, அதிலும் தோற்றிருந்தது. அந்த ஒரு நல்ல சீசனும், முந்தைய ஆண்டில் மூத்த வீரர்கள் சிலரைக் களமிறக்காமல் சேமித்து வைத்து, எல்லோரையும் ஒரே ஆண்டில் ஆட வைத்ததால் கிடைத்தது. சேமிப்பு தீர்ந்ததும் அணி பழைய இடத்துக்கே திரும்பியது.

1986 அக்டோபரில் ஓர் ஆட்டத்தை வென்றதோடு சரி. அதன்பின் 1988 இறுதிவரை 27 ஆட்டங்களில் 26 தோல்வி, ஒரு சமநிலை. பிக் எய்ட்டிலிருந்தே விலக நேரிடலாம் என்ற பேச்சும் அடிபட்டது. பல்கலைக்கழகத் தலைவர் 1986இல் பதவிக்கு வந்தவர். மாணவர் சேர்க்கை குறைந்துவந்த காலம் அது. கால்பந்து அணியின் அவப்பெயர் பல்கலைக்கழகத்தின் பெயரையே கீழே இழுக்கிறது என்று கருதிய அவரும் விளையாட்டுத் துறை இயக்குநரும், அணியைக் கைவிடுவதற்குப் பதிலாக அதில் முதலீடு செய்வது என்று முடிவெடுத்தார்கள். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம் என்பதால், இந்த முடிவை முதலில் பதிவு செய்கிறேன்.

பதவியேற்பும் முதல் மதிப்பீடும்

1988 நவம்பரில் அழைக்கப்பட்டவர் அயோவா பல்கலைக்கழகத்தில் 10 சீசன்கள் தாக்குதல் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். வயது 49. அதற்கு முன் டெக்சஸ் மாநிலத்தின் வட டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். பெரிய கல்லூரி எதிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அனுபவம் இல்லை. கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய மீட்சிக்கான வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது, அதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அறிமுகக் கூட்டத்தில் அவர் சொன்னார். வெற்றியை எந்த ஆண்டுக்குள் தருவேன் என்று நாள் குறிக்கவில்லை.

அவர் கண்ட நிலைமையில் எளிதாகத் தீர்க்கக்கூடியது எதுவும் இல்லை. அன்றைய விதிகள் ஓர் அணிக்கு 95 பேர் வரை உதவித்தொகை கொடுக்க அனுமதித்தன. இந்த அணியில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதில் பாதிப் பேர்தான். பயிற்சிக்கான வசதிகள் கூட்டமைப்பிலேயே கடைசி வரிசையில் இருந்தன. அவை பணத்தாலும் காலத்தாலும் சரியாகக்கூடியவை. ஆனால் 2 ஆண்டுகளாக ஒரு வெற்றியும் காணாத இளைஞர்கள் தோல்வியை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு களமிறங்கும் மனநிலைக்கு வந்திருந்தார்கள். அதை எந்த நிதி ஒதுக்கீடும் சரிசெய்யாது என்பதை அவர் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு அவருடைய முதல் முடிவுகளே சான்று.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலாவது, அளவுகோலையே மாற்றியது. ஆட்டத்தை வென்றோமா என்ற கேள்வியை ஒதுக்கி, நேற்றைவிட இன்று சற்றேனும் முன்னேறினோமா என்பதையே ஒவ்வொரு வீரரிடமும் கேட்டார். அர்ப்பணிப்பு, தன்னலமின்மை, ஒற்றுமை, முன்னேற்றம், மன உறுதி என்று தொடங்கும் 16 குறிக்கோள்கள் அணிக்கு வகுக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெற்றி என்ற இலக்கே கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை சுவரில் ஒட்டும் வாசகங்களாகத் தோன்றலாம். ஆனால் வெற்றியை இலக்காக வைத்திருந்தால் முதல் ஆண்டின் 11 வாரங்களில் 10 வாரங்கள் தோல்வி என்றே முடிந்திருக்கும். தினசரி முன்னேற்றத்தை அளவாக வைத்ததால், தோற்ற வாரத்திலும் வீரர்களிடம் காட்ட ஏதோ ஒன்று இருந்தது. இதே 16 குறிக்கோள்களை அவர் 2018 வரை மாற்றாமல் வைத்திருந்தார்.

இரண்டாவது, அணியின் தோற்றம். பழைய சின்னத்தை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் ஓவியத்துறைப் பேராசிரியர் ஒருவரைக் கொண்டு ஊதா நிறத்தில் காட்டுப்பூனையின் தலையைப் புதிய சின்னமாக வரையச் செய்தார். சீருடையும் தலைக்கவசமும் மாறின. தோல்வியோடு ஒட்டிப்போன அடையாளத்திலிருந்து வீரர்களைப் பிரிப்பதற்கு இது மலிவான, உடனே செய்யக்கூடிய வழி. அந்தச் சின்னம் இன்றும் பல்கலைக்கழகம் முழுவதற்கும் அடையாளமாக இருக்கிறது.

மூன்றாவது முடிவு வீரர்களைத் தேடும் இடம் பற்றியது. என் பார்வையில் மிகக் கூர்மையான முடிவும் இதுதான். நாடே துரத்தும் உயர்நிலைப் பள்ளி நட்சத்திரங்கள் மன்ஹாட்டனுக்கு வரப்போவதில்லை. ஆனால் கான்சஸ் மாநிலத்தில் 2 ஆண்டுப் படிப்பு தரும் ஜூனியர் கல்லூரிகள் பல உண்டு. அவற்றின் கால்பந்து தரமானது. மதிப்பெண் குறைவாலோ உடல் வளர்ச்சி தாமதமானதாலோ பெரிய கல்லூரிகளின் கண்ணில் படாமல் போனவர்கள் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் 20 வயதைத் தொட்டவர்கள், உடனே களமிறங்கக்கூடியவர்கள், தங்களை நிரூபிக்கும் வேட்கை கொண்டவர்கள். இந்த வழியில் ஆபத்தும் உண்டு. அவர்களுக்கு மீதமிருப்பது 2 ஆண்டுத் தகுதிதான். சேர்க்கும் வேகத்திலேயே வெளியேறியும் விடுவார்கள். ஆகவே இவர்களை உடனடித் தேவைக்கு வைத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து வந்த இளையவர்களை முதலாண்டில் களமிறக்காமல் பயிற்சியில் மட்டும் வைத்து வளர்த்தார். அப்படி இருந்தால் அந்த ஆண்டு அவர்களுடைய 4 ஆண்டு ஆட்டத் தகுதியில் கழிவதில்லை. உதவித்தொகை இல்லாமல் தாமாகச் சேர்ந்த உள்ளூர்ப் பையன்களுக்கும் மற்றவர்களுக்கு இணையான வாய்ப்புக் கிடைத்தது. அப்படிச் சேர்ந்த சிலர் பின்னாளில் தொழில்முறை அணிகள் வரை போனார்கள்.

நான்காவது, ஆட்ட அட்டவணை. கூட்டமைப்புக்குள் யாருடன் ஆடுவது என்பது விதிக்கப்பட்டது. வெளியே ஆடும் 4 ஆட்டங்களைக் கல்லூரியே தேர்ந்துகொள்ளலாம். பலமற்ற கல்லூரிகள் பணத்துக்காகப் பெரிய அணிகளின் ஊருக்குப் போய் அடிவாங்கித் திரும்புவது அங்கே வழக்கம். இவர் அதற்கு நேர்மாறாக, வெல்லக்கூடிய எதிரணிகளைச் சொந்த ஊருக்கு அழைத்தார். வெற்றியை ஒருமுறையாவது சுவைக்காத அணிக்கு நெப்ராஸ்காவை வெல்லலாம் என்ற எண்ணம் வராது என்பதுதான் காரணம். அந்த நேரத்தில் இது சரியான முடிவு. பிற்காலத்தில் இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது; அதைக் கீழே சொல்கிறேன்.

ஐந்தாவது, உதவிப் பயிற்சியாளர்கள். இளையவர்களும் வேட்கை மிக்கவர்களும் சேர்க்கப்பட்டார்கள். வேலை நேரம் கடுமையாக இருந்தது. இவர் நாளுக்கு ஒரே வேளை, அதுவும் இரவு வெகுநேரம் கழித்துச் சாப்பிடுபவர் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. சிறு விவரத்தையும் தாமே பார்க்கும் பழக்கம் அவரை விட்டு விலகவே இல்லை. வீரர்களுக்கும் பெற்றோருக்கும், காயம்பட்ட எதிரணி வீரர்களுக்கும்கூட, ஊதா மையில் தம் கைப்படக் கடிதம் எழுதுவார். எதிரணிப் பையன் ஒருவனுக்கு, அதுவும் தம் அணியைத் தோற்கடித்தவனுக்கு, ஆட்டம் முடிந்த சில நாட்களில் அப்படியொரு கடிதம் வந்து சேரும். இந்தப் பழக்கத்தை உத்தியாக எண்ணி ஒதுக்கிவிட முடியாது. முப்பதாண்டு காலம் யாரும் உத்திக்காக மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முதல் வெற்றியிலிருந்து முதல் பவுல் வெற்றி வரை: 1989–1993

1989 சீசனின் முதல் 3 ஆட்டங்களிலும் தோல்வி. வெற்றியில்லா ஆட்டங்கள் 30 ஆயின. செப்டம்பர் 30 அன்று எதிரணியாக வந்தது இவர் முன்பு பணியாற்றிய அதே வட டெக்சஸ். கடைசி நிமிடங்களில் கான்சஸ் ஸ்டேட் 14–17 எனப் பின்தங்கியிருந்தது. பந்தைப் படிப்படியாக முன்னகர்த்திக்கொண்டு வந்த அணி, நேரம் தீரும் கடைசி எறிதலில் டச்டவுன் போட்டது; அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து 6 புள்ளி பெற்றது. 20–17. பார்வையாளர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பங்களைச் சாய்த்தார்கள். வட டெக்சஸ் அன்று ஒரு படி கீழான பிரிவில் ஆடிய அணி என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அரங்கில் இருந்த மாணவர்களில் பலர் கல்லூரியில் சேர்ந்த பிறகு தம் அணி வென்று பார்த்தது அன்றுதான்.

அந்த ஆண்டு கிடைத்தது அந்த ஒரே வெற்றிதான்: 1–10. அடுத்த ஆண்டு 5–6, 1991இல் 7–4, 1992இல் மீண்டும் 5–6. இந்த இறக்கத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நான்காம் ஆண்டில் பின்னடைவு வந்தபோது நிர்வாகம் பதறவில்லை, முறைகளை மாற்றச் சொல்லவில்லை. 1993இல் 9 வெற்றி, 2 தோல்வி, ஒரு சமநிலை. காப்பர் பவுல் ஆட்டத்தில் வயோமிங் அணியை 52–17 என வென்றது. பல்கலைக்கழக வரலாற்றில் அதுவே முதல் பவுல் வெற்றி. அதிலிருந்து 2003 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் பவுல் ஆட்டங்களுக்குச் சென்றது.

உச்சமும் 1998 டிசம்பரும்

1996இல் பிக் எய்ட் அணிகளோடு டெக்சஸ் மாநில அணிகள் நான்கு சேர்ந்து பிக் 12 உருவானது. 1997இல் கான்சஸ் ஸ்டேட் 11–1. 1998இல் டெக்சஸின் ஜூனியர் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்த குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்), நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பெற்றார். நவம்பர் 14 அன்று நெப்ராஸ்காவை 40–30 என வென்று, அந்த அணியிடம் தொடர்ந்து 29 ஆண்டுகள் தோற்ற வரலாற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் தரவரிசையில் முதலிடமும் அந்த மாதம் வந்தது.

டிசம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸில் பிக் 12 இறுதி ஆட்டம். எதிரணி டெக்சஸ் ஏ அண்ட் எம். அன்றே வேறிடத்தில் முன்னணி அணியொன்று தோற்றுவிட்டதால், இந்த ஆட்டத்தை வென்றாலே தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் உறுதி என்ற நிலை. நான்காம் கால்பகுதியில் 27–12 என முன்னிலை. அதை இழந்து 27–27 ஆனது. இரண்டாவது கூடுதல் நேரத்தில், பந்தை 17 யார்டு முன்னகர்த்த வேண்டியிருந்த கடினமான மூன்றாம் முயற்சியில், எதிரணி 32 யார்டு டச்டவுன் போட்டு 36–33 என வென்றது.

தோல்விக்குப் பின் நடந்ததுதான் கற்க வேண்டியது. தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்க அந்த ஆண்டுதான் அறிமுகமான பி.சி.எஸ். தரவரிசையின் இறுதிப் பட்டியலில் கான்சஸ் ஸ்டேட் மூன்றாம் இடத்தில் இருந்தது. அப்படியிருந்தும் நான்கு பெரிய பவுல் ஆட்டங்களில் ஒன்றுகூட அதை அழைக்கவில்லை. தரவரிசையில் அதற்குக் கீழே இருந்த ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் ஃபுளோரிடாவுக்கும் அழைப்புப் போனது. கான்சஸ் ஸ்டேட்டுக்குக் கிடைத்தது அலமோ பவுல். மனமுடைந்திருந்த அணி அங்கே பர்ட்யூவிடம் 37–34 எனத் தோற்றது. பவுல் அமைப்பாளர்கள் தரத்தை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை ரசிகர்கள் வருவார்கள், தொலைக்காட்சியில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றும் கணக்கிடுகிறார்கள். பழம்பெருமை இல்லாத, சிறு நகரத்து அணி அந்தக் கணக்கில் அடிபட்டது. எளிய எதிரணிகளோடு ஆடியே எண்ணிக்கையைச் சேர்த்த அணி என்று 1990களில் ஒட்டிக்கொண்ட பெயரும் அதற்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டே, மூன்றாம் இடம் பெறும் அணிக்குப் பெரிய பவுல் வாய்ப்பை உறுதிசெய்யும் விதி வந்தது. அதைக் கான்சஸ் ஸ்டேட் விதி என்றே அழைத்தார்கள்.

பயிற்றுவித்தவர்கள் வெளியேறியதும் 2003உம்

வெற்றி பெறும் அணியின் உதவிப் பயிற்சியாளர்களைப் பிற கல்லூரிகள் கவர்ந்து செல்வது இயல்பு. இவரிடம் தடுப்பாட்டப் பிரிவை நடத்தி, 1995 சீசனோடு வெளியேறிய ஒருவர், 1999இல் ஒக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளரானார். மன்ஹாட்டனிலிருந்து மேலும் சிலரைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஒக்லஹோமா தேசியப் பட்டம் வென்றது. அந்தப் பயணத்தில் கான்சஸ் ஸ்டேட்டை இருமுறை தோற்கடித்தது. இவர் வளர்த்த முறை வேறோர் ஊரில், கூடுதல் பணமும் வீரர் வளமும் உள்ள இடத்தில், இவரால் எட்ட முடியாத உயரத்தை எட்டியது. அந்த முறை பிறருக்குக் கற்பிக்கக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அப்படிக் கற்றவர்களுள் ஒருவரைச் சொந்த இடத்திலேயே அடுத்த தலைவராகத் தக்கவைக்கப் பல்கலைக்கழகம் திட்டமிடவில்லை என்பதும் இங்கேயே தெரிகிறது.

2003இல் அணி நடுவில் தொடர்ந்து 3 ஆட்டங்களைத் தோற்று, பிறகு தொடர்ந்து வென்று பிக் 12 இறுதிக்கு வந்தது. டிசம்பர் 6 அன்று, தேசிய முதலிடத்தில் இருந்த அதே ஒக்லஹோமாவை 35–7 என நொறுக்கியது. 1934க்குப் பிறகு கான்சஸ் ஸ்டேட்டுக்குக் கிடைத்த முதல் கூட்டமைப்புப் பட்டம் அது. 1997 முதல் 2003 வரையிலான 7 ஆண்டுகளில் 6 ஆண்டுகள் 11 வெற்றிகள்.

அதன்பின் சரிவு வேகமாக வந்தது: 2004இல் 4–7, 2005இல் 5–6. 2005 நவம்பரில், தம் 66ஆம் வயதில், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று கூறி விலகினார். 17 சீசன்களில் 136 வெற்றி, 68 தோல்வி, ஒரு சமநிலை. அரங்குக்கு அவர் குடும்பத்தின் பெயர் சூட்டப்பட்டது.

முதல் கைமாற்றம்: 2006–2008

அடுத்து வந்தவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாக்குதல் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக இருந்த இளைஞர். தலைமைப் பயிற்சியாளர் அனுபவம் இல்லை. 1989இல் வந்தவருக்கும் அந்த அனுபவம் இல்லைதான். ஆகவே அனுபவமின்மையை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது. முன்னவருக்குக் கிடைத்த பொறுமை இவருக்குக் கிடைக்க வழியில்லை. அவர் வந்தபோது எதிர்பார்ப்பு பூஜ்ஜியம். இவர் வந்தபோது 11 வெற்றிதான் இயல்பு என்று ஊர் நம்பியது. முதல் சீசனில் டெக்சஸை வென்று 7–6 எனத் தொடங்கினார். அடுத்த இரு ஆண்டுகளும் 5–7. நெருக்கடியில், முன்னவர் பயன்படுத்திய ஜூனியர் கல்லூரி வழியையே இவரும் பெருமளவில் நாடினார். ஆனால் அந்த வழி அளவறிந்து, இளையவர்களை வளர்ப்பதோடு இணைத்துக் கையாளப்பட்டபோதே பலித்தது. ஒரே ஆண்டில் பெரும் எண்ணிக்கையில் ஆள் சேர்த்தபோது பலிக்கவில்லை.

2008 ஆகஸ்டில் இவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. நவம்பரில் பதவி விலக்கப்பட்டார். இவருக்கு 32 லட்சம் டாலர் பின்னர் தருவதாக நிர்வாகத்தில் ஒருவர் தனியே ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது 2009இல் வெளிவந்து, வழக்காகி, 2011இல் சமரசத்தில் முடிந்தது. களத்துத் தோல்வியை விட நிர்வாகத்தின் இந்தக் கோளாறு கவலைக்குரியது.

இரண்டாம் முறை: 2009–2018

2008 நவம்பரில் பல்கலைக்கழகம் பழையவரையே அழைத்தது. வயது 69. ஓய்வுபெற்றவர் திரும்பி வந்து தம் பெயரைக் கெடுத்துக்கொள்வார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2009இல் 6–6, 2010இல் 7–6. 2011இல் கூட்டமைப்பில் எட்டாம் இடம் என்று கணிக்கப்பட்ட அணி இரண்டாம் இடம் பிடித்து, 10–3 என முடித்தது. முன்பு பந்து பிடிப்பவராகப் பயன்படுத்தப்பட்ட ஒருவரைக் குவாட்டர்பேக்காக வளர்த்தார்; அந்த வீரர் 2012இல் ஹைஸ்மன் விருதுக்கான இறுதிச் சுற்றை எட்டினார். அந்த நவம்பரில் அணி பி.சி.எஸ். தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. பெய்லரிடம் 52–24 எனத் தோற்று வாய்ப்பை இழந்தது. ஆனாலும் பிக் 12 பட்டம் வந்தது. 2015இல், பணியில் இருக்கும்போதே கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

புதிய ஆட்களைக் கொண்டு, அதே 16 குறிக்கோள்களோடு, இரண்டாம் முறையும் அணியை எழுப்பியது முதல் மீட்சி தற்செயல் அல்ல என்பதைக் காட்டுகிறது. ஆனால் எல்லாவற்றையும் தம் கையில் வைத்திருக்கும் முறை கடைசி ஆண்டுகளில் காலத்தோடு மோதியது. 2017இல் வேறு கல்லூரிக்கு மாற விரும்பிய வீரர் ஒருவர், தாம் கேட்ட 35 கல்லூரிகளுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதாக வெளியே சொன்னார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த வீரரைப் பற்றித் தாம் பொதுவெளியில் பேசியதற்குப் பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டார். வீரருக்கும் அனுமதி கிடைத்தது. எதிரணிப் பையனுக்கும் கடிதம் எழுதிய மனிதரிடமிருந்து தம் வீரர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஒழுங்கின் மீது அவர் கொண்ட பற்று, வீரரின் உரிமை என்ற புதிய எதிர்பார்ப்புக்கு இடம்விடவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அறிவித்தார். அந்த சீசனில் ஓர் ஆட்டத்தையும் விடாமல் பணியாற்றினார். 2018 ஆகஸ்டில் 2022 வரையிலான ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த சீசன் 5–7 என முடிய, டிசம்பர் 2 அன்று, 79 வயதில் ஓய்வு பெற்றார். மொத்தம் 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு சமநிலை.

இரண்டாவது கைமாற்றம்

தமக்குப் பின், அணியின் சிறப்புப் பிரிவுகளை (பந்தை உதைத்து ஆடும் கட்டங்களுக்கான குழுக்களை) நடத்திவந்த தம் மகன் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். விளையாட்டுத் துறை இயக்குநர் அதை ஏற்கவில்லை. ஒரு படி கீழான பிரிவில் வட டக்கோட்டா ஸ்டேட் அணியைத் தேசியப் பட்டங்களுக்கு நடத்திச் சென்ற வெளியாள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அந்த அணியும் சிறு நகரத்து அணிதான். பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத வீரர்களை வளர்த்து ஆடியதுதான். முன்னவர் மன்ஹாட்டனில் செய்ததை இவர் வேறோர் இடத்தில் ஏற்கெனவே செய்து காட்டியிருந்தார். 2022இல் இவர் தலைமையில் கான்சஸ் ஸ்டேட் மீண்டும் பிக் 12 பட்டம் வென்றது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

1989இன் முடிவுகளில் நான் மாற்ற விரும்புவது எதுவும் இல்லை. அட்டவணையை மட்டும், 1993க்குப் பிறகு படிப்படியாகக் கடினமாக்கியிருக்க வேண்டும். தொடக்கத்தில் தேவைப்பட்ட பாதுகாப்பு, அணி பலம் பெற்ற பிறகும் நீடித்தது. ஆண்டுக்கு ஒரு வலுவான வெளி அணியோடு ஆடியிருந்தால் 1998இல் பவுல் அமைப்பாளர்களுக்கு எளிதான சாக்கு கிடைத்திருக்காது.

அடுத்த தலைவரைத் தேடும் வேலை 2003 பட்டத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அப்போது 60 வயது கடந்திருந்தது. அவரிடம் கற்றவர்கள் நாட்டின் பல இடங்களில் உயர்ந்து கொண்டிருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் தாமே எல்லா விவரத்தையும் பார்க்கும் அமைப்பில், இரண்டாம் நிலையில் இருப்பவர் முடிவெடுக்கும் பழக்கத்தைப் பெறுவதில்லை. வீரர் தேர்வையும் தினசரி நிர்வாகத்தையும் பகுதி பகுதியாகக் கைமாற்றி, அதை எழுத்தில் வைத்திருந்தால் 2006இல் வந்தவருக்கு அரங்கின் பெயரை மட்டுமன்றி அணியின் வழக்கங்களையும் ஒப்படைத்திருக்க முடியும்.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை, பயிற்சியாளரோடு செய்யும் ஒப்பந்தம் எதுவாயினும் பல்கலைக்கழகத் தலைவரின் பார்வைக்கு வராமல் செல்லுபடியாகக் கூடாது. 1988இல் தலைவரும் இயக்குநரும் ஒன்றாக நின்று எடுத்த முடிவு அணியைக் காத்தது. 2008இல் ஒருவர் தனியாக எடுத்த முடிவு பல்கலைக்கழகத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தது. வீரர்களின் மாற்றக் கோரிக்கையைப் பயிற்சியாளரிடம் மட்டும் விடாமல், அவருக்கு வெளியே உள்ள ஒரு குழு, குறித்த நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2017க்கு முன்பே விதித்திருக்கலாம். பின்னர் தேசிய விதிகளே மாறி, பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லாமல் வீரர்கள் தம் பெயரைப் பதிந்து வேறு கல்லூரிகளோடு பேசும் முறை 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.